அவைக்குள்ளும் ஒரு 480 நாள் தந்திரமா?

தொழிற்சாலை மேலாளர்களுக்கு வகுப்பெடுக்கும் பயிற்சியாளர் ஒருவர் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே தண்டலத்து மண்டபம் ஒன்றில் அண்மையில் பேசினார். அந்தப் பேச்சு சிறு வெளியீடாக அச்சாகி, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை கைமாறிக்கொண்டிருக்கிறது. அவர் சொல்வது இதுதான்: மு. கருணாநிதி 60 ஆண்டுகள் இடைவிடாமல் அதிகாரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு தேர்தலில்கூட அவர் தோற்காதது வாக்காளர்களின் அடிமைப் புத்திக்குச் சான்று. அத்தனை காலம் இருந்தும் அவையில் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. இந்த வட்டாரத்தை வளர்த்தவை கம்பெனிகள், சட்டமன்றம் அல்ல. ஆகவே கம்பெனிகளில் செய்வதுபோல அரசியலிலும் ஆளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு முறைக்கு மேல் எவரும் எம்.எல்.ஏ. ஆகக் கூடாதென்று சட்டம் வர வேண்டும்.

கைதட்டல் பலமாக இருந்ததாம். இருக்கத்தான் செய்யும். அரசியல்வாதியைத் திட்டினால் கைதட்டாத கூட்டம் தமிழ்நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் திட்டுவதற்கும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும். வெளியீட்டில் வசைக்குப் பஞ்சமில்லை, தகவலுக்குத்தான் பஞ்சம்.

முதல் குற்றச்சாட்டிலேயே இரண்டு பிழைகள். ‘இடைவிடாமல்’ என்பது ஒன்று. ‘அதிகாரத்தில்’ என்பது இன்னொன்று.

1957இல் குளித்தலையில் முதன்முதலாக வென்ற கருணாநிதி, 2018 ஆகஸ்ட் 7 அன்று திருவாரூர் உறுப்பினராக இருக்கும்போதே இறந்தார். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்து, ஏறத்தாழ வருவதை 60 என்று எழுதியதோடு பயிற்சியாளரின் ஆராய்ச்சி முடிந்துவிட்டது. நடுவில் நடந்ததைப் பார்ப்போம். 1983இல் இலங்கைத் தமிழர் பிரச்சினையை முன்வைத்து உறுப்பினர் பதவியிலிருந்து விலகினார். 1984 சட்டமன்றத் தேர்தலில் நிற்கவில்லை, மேலவைக்குப் போனார். 1986இல் அந்த மேலவையே ஒழிக்கப்பட்டது. 1989 வரை அவர் எந்த அவையிலும் இல்லை. பிறகு 1991. தண்டலத்துக்காரர்களுக்கு அந்த ஆண்டை நினைவூட்டத் தேவையில்லை. மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதற்குப் பிந்தைய அலையில் திமுக ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டது. துறைமுகம் தொகுதியில் 890 வாக்குகளில் தப்பிய கருணாநிதி, தோல்விக்குப் பொறுப்பேற்று, கையில் கிடைத்த அந்த இடத்தையும் துறந்தார். 1996 வரை வெளியில்தான் இருந்தார். ராஜீவ் நினைவிடம் இருக்கும் சாலையில் தினமும் வேலைக்குப் போகிறவர்களிடம் வந்து ‘இடைவிடாமல்’ என்று பேச ஒரு துணிச்சல் வேண்டும்.

அடுத்தது அதிகாரம். ஐந்து முறை முதல்வராக இருந்த காலத்தை எல்லாம் கூட்டினாலும் 19 ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். அண்ணா அமைச்சரவையில் பொதுப்பணித் துறையைக் கவனித்த காலத்தைச் சேர்த்தால் 21. மிச்சமிருக்கும் 40 ஆண்டுகள் எதிர்க்கட்சி வரிசையிலோ அவைக்கு வெளியிலோ கழிந்தவை. இரண்டு முறை, 1976 ஜனவரியிலும் 1991 ஜனவரியிலும், அவருடைய ஆட்சி டெல்லியிலிருந்து கலைக்கப்பட்டது. சட்டமன்ற உறுப்பினராக இருப்பதும் அதிகாரத்தில் இருப்பதும் ஒன்று என்று நினைப்பவர் ஜனநாயகத்தைப் பற்றி வகுப்பெடுக்க வருவதுதான் வேடிக்கை. எதிர்க்கட்சி உறுப்பினர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதே அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை போலும். கம்பெனியில் அந்தப் பதவி கிடையாது என்பதாலா?

அடிமைப் புத்தி என்ற வசைக்கும் கணக்கு உதவவில்லை. கருணாநிதியின் 13 வெற்றிகளும் 7 தொகுதிகளில் வந்தவை: குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணாநகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர். 1980இல் அண்ணாநகரில் அதிமுகவின் ஹண்டேயை அவர் வென்றது 699 வாக்குகளில். அடிமைகள் இவ்வளவு கறாராகவா எண்ணி வாக்களிப்பார்கள்? பாதுகாப்பான தொகுதியைத் தேடித் தேடி மாறினார் என்று எழுதியிருந்தால் அது விமர்சனம், உட்கார்ந்து வாதிட்டிருக்கலாம். ஒரே தொகுதியில் 13 முறை வென்றவரைப் பார்க்க வேண்டுமானால் கேரளத்தின் பாலாவுக்குப் போய் கே.எம். மாணியின் கதையைக் கேட்கலாம். தமிழ்நாட்டு வாக்காளரோ கருணாநிதியை அவைக்கு அனுப்பிக்கொண்டே அவர் கட்சியை 1977, 1980, 1991, 2001, 2011 என்று ஆட்சிக்கு வெளியே நிறுத்தியவர். ஆளை வைத்துக்கொண்டு ஆட்சியை எடுத்துவிடத் தெரிந்த வாக்காளருக்கு அடிமைப் பட்டம் கட்டுகிறவர், யாருக்காகப் பேசுவதாகச் சொல்கிறாரோ அவர்களைத்தான் அவமதிக்கிறார்.

‘உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை’ என்ற மூன்றாவது குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இங்கேதான் இரண்டு முறை வரம்பு என்ற யோசனையும் உடைகிறது.

1957இல் உறுப்பினரான கருணாநிதியின் கன்னிப்பேச்சு, குளித்தலைக்குப் பக்கத்திலிருக்கும் நங்கவரம் பண்ணை விவசாயிகளைப் பற்றியது. எதிர்க்கட்சியில் 15 பேர் கொண்ட சிறு குழுவில் ஒருவர். பேசலாம், வேறொன்றும் செய்ய முடியாது. நில உச்சவரம்பை 15 தர ஏக்கராகக் குறைத்த சட்டம் 1970இல் வந்தது. மிராசுதார் மண்ணில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்தக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கிய சட்டம் 1971இல் வந்தது. இரண்டும் அவர் முதல்வராக இருந்தபோது வந்தவை. உச்சவரம்புச் சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன, பினாமிகள் தப்பினார்கள் என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் பேச்சு சட்டமாக 13, 14 ஆண்டுகள் ஆகின.

இப்போது பயிற்சியாளரின் விதியைப் பொருத்திப் பாருங்கள். 1957 ஒரு முறை, 1962 இரண்டாம் முறை. 1967இல் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அதாவது, 10 ஆண்டுகள் எதிர்க்கட்சியில் உட்கார்ந்து அவை விதிகளைக் கற்றுக்கொண்டு, கட்சி ஆட்சியைப் பிடிக்கிற அன்றைக்கு, கற்றதைப் பயன்படுத்தும் வாய்ப்பு வருகிற அதே நாளில், கதவு சாத்தப்படும். எதிர்க்கட்சிக்காரர்களை மட்டும் குறிபார்த்து அடிக்கும் இதைவிடப் பொருத்தமான விதியை ஆளுங்கட்சிகள்கூட யோசித்ததில்லை.

இன்னோர் எடுத்துக்காட்டு, நம் பக்கத்து ஊரிலிருந்தே. பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது 1929 பிப்ரவரியில், செங்கல்பட்டில். மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது 1989இல். இடையில் 60 ஆண்டுகள். அந்தத் தீர்மானத்தை நினைவில் வைத்திருந்த ஒருவர் அவைக்குள் இருந்ததால் அது கோப்பிலிருந்து சட்டமாயிற்று. மத்திய அரசு இதே வழிக்கு வந்தது 2005இல்.

அர்ச்சகர் விவகாரத்தையும் பாருங்கள். கோயில்களில் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் திருத்தச் சட்டம் 1970இல் வந்தது. 1972இல் உச்ச நீதிமன்றம் பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும் என்றது. ஆனால் ஆகமத்தைக் காட்டி நடைமுறையில் கதவை அடைத்தது. 34 ஆண்டுகள் கழித்து, 2006இல், அதே மனிதர் மீண்டும் முதல்வராகி அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை வெளியிட்டார். பயிற்சிப் பள்ளிகள் தொடங்கின. அங்கே படித்தவர்களில் சிலர் பணியில் அமர்ந்தது அவர் மறைந்த பிறகு, 2021 ஆகஸ்டில். வழக்கு போட்டவர்களுக்கு வயதானது, நீதிபதிகள் மாறினார்கள், கோப்பு மட்டும் சாகவில்லை. காரணம், அதை மறக்காத ஓர் ஆள் இருந்தார். இந்தச் சட்டத்தை விரும்பாதவர்கள் உண்டு. அவர்களும் ஒன்றை ஒப்புக்கொள்வார்கள்: இரண்டு முறை வரம்பு இருந்திருந்தால் 1972 தீர்ப்போடு அந்தக் கதை முடிந்திருக்கும்.

பயிற்சியாளர் அடிக்கடி அமெரிக்காவைக் கூப்பிடுகிறார். இந்த வட்டாரத்தை ஆசியாவின் டெட்ராய்ட் என்றும் பெருமைப்படுகிறார். சரி, டெட்ராய்ட்டுக்கே போவோம்.

அந்த வட்டாரத்தின் பிரதிநிதி ஜான் டிங்கெல். 1955 டிசம்பரில், 29 வயதில் நாடாளுமன்றத்துக்குள் போனவர் 2015 ஜனவரியில்தான் வெளியே வந்தார். 59 ஆண்டுகள், அமெரிக்க நாடாளுமன்ற வரலாற்றில் அவ்வளவு காலம் இருந்தவர் வேறு எவரும் இல்லை. ஃபோர்டு நிறுவனத்தின் தலைமையகமான டியர்பார்ன் அவர் தொகுதியில் பல காலம் இருந்தது. எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று அவருடைய அப்பா 1943இலேயே மசோதா கொடுத்திருந்தார். மகன் ஒவ்வொரு நாடாளுமன்றத்திலும் அப்படியொரு மசோதாவை விடாமல் கொடுத்துக்கொண்டே இருந்தார். 1965இல் முதியோருக்கான மெடிகேர் திட்டம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியபோது தலைமை இருக்கையில் இருந்தவர் அவர்தான். 2010இல் ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டத்துக்கும் அவையில் இருந்து வாக்களித்தார். 1973இன் அருகிவரும் உயிரினங்கள் சட்டத்தை முன்னின்று எழுதியவரும் அவரே.

டிங்கெல் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. கார் கம்பெனிகளுக்காகப் புகைக் கட்டுப்பாட்டை ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்ததும் அவர்தான். அதற்கு விலையும் கொடுத்தார்: 2008இல் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே 137க்கு 122 என்ற வாக்குக் கணக்கில் அவரை நாடாளுமன்றக் குழு ஒன்றின் தலைவர் பதவியிலிருந்து இறக்கி, ஹென்றி வாக்ஸ்மனை உட்கார வைத்தார்கள். வேலை சரியில்லை என்றால் 53 ஆண்டு மூத்தவரையும் இறக்க வழி இருந்தது. அதற்கு வரம்புச் சட்டம் தேவைப்படவில்லை. வாக்கெடுப்பு போதுமாக இருந்தது.

வரம்புச் சட்டமும் அங்கே இருந்தது. டிங்கெலின் மாநிலமான மிச்சிகன், 1992இல் தன் சட்டமன்றத்துக்கு அதை விதித்தது: கீழவையில் 6 ஆண்டுகள், மேலவையில் 8 ஆண்டுகள், அதற்குமேல் வாழ்நாளில் கிடையாது. நம் பயிற்சியாளர் கனவு காண்பதை டெட்ராய்ட்டின் மாநிலம் 30 ஆண்டுகள் செய்து பார்த்தது. அதே டெட்ராய்ட்டில் உள்ள வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத் தொடர்ந்து கவனித்தார்கள். உறுப்பினர்கள் அவையைப் புரிந்துகொள்வதற்குள் வெளியேறினார்கள். அரசுத் துறைகளைக் கண்காணிக்கும் வேலை தளர்ந்தது. புதியவர்கள் விவரம் கேட்டுக் கம்பெனிகளின் தரகர்களிடம் போனார்கள். 2022இல் மிச்சிகன் வாக்காளர்களே அந்த விதியைத் தளர்த்தி, இரண்டு அவையிலும் சேர்த்து 12 ஆண்டுகள், அதை ஒரே அவையிலும் கழிக்கலாம் என்று மாற்றினார்கள். டெட்ராய்ட் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர் டெட்ராய்ட் பட்டதையும் படித்திருக்கலாம்.

கம்பெனி மாதிரி நடத்த வேண்டும் என்ற பேச்சுக்கு வேறு எங்கும் போக வேண்டாம், இங்கேயே பதில் இருக்கிறது. 24 மாதங்களில் 480 நாட்கள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது தமிழ்நாடு சட்டமன்றம் 1981இல் இயற்றிய சட்டம். அதிலிருந்து தப்பிக்க என்ன செய்கிறார்கள் என்பது தண்டலத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் எந்தப் பையனுக்கும் தெரியும். காண்ட்ராக்ட், ட்ரெய்னி, அப்ரண்டிஸ் என்று பெயரை மாற்றுவார்கள். நாள் நிறைவதற்குள் கணக்கை முடித்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்த இடத்தில் புதியவர் வருவார். புதியவருக்கு லைனும் தெரியாது, சட்டமும் தெரியாது, சங்கமும் தெரியாது. கேள்வி கேட்கக் கற்றுக்கொள்ளும்போது அவருக்கும் நாள் நிறைந்துவிடும். நிர்வாகம் மட்டும் அப்படியே இருக்கும்.

பயிற்சியாளர் கேட்கும் இரண்டு முறை வரம்பு இதே ஏற்பாடுதான். உறுப்பினர் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார். தலைமைச் செயலகத்து அதிகாரி மாறமாட்டார், கம்பெனியின் சட்டப் பிரிவு மாறாது, ஒப்பந்தக்காரர் மாறமாட்டார், கட்சித் தலைமை மாறாது. வெட்டுத் தீர்மானம் எதற்கு, கவன ஈர்ப்புத் தீர்மானம் எதற்கு, தணிக்கை அறிக்கையை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்று உறுப்பினர் பழகுவதற்குள் அவருக்குக் கணக்கு முடித்துவிடுவார்கள். சட்டமன்றத்தையும் காண்ட்ராக்ட்டில் விடச் சொல்கிற இந்த யோசனை மேலாளர் கூட்டத்தில் கைதட்டல் வாங்கியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கம்பெனிகள்தான் இந்த வட்டாரத்தை வளர்த்தன, சட்டமன்றம் அல்ல என்பது வெளியீட்டிலேயே பெரிய பொய். ஹூண்டாய் வந்து இறங்கி 1998இல் சாண்ட்ரோ கார்களை ஓட்டிக் காட்டிய இருங்காட்டுக்கோட்டை மண் வானத்திலிருந்து விழுந்ததா? அதற்குப் பிறகு வந்த தொழிற்பேட்டைகளுக்கு அரசு நிறுவனமான சிப்காட் எப்படி நிலம் எடுத்தது? தொழில் நோக்கங்களுக்காக நிலம் கையகப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம், 1997. அது சட்டமன்றம் போட்ட சட்டம்; கருணாநிதி ஆட்சி கொண்டுவந்த சட்டம்; 2001இல் நடைமுறைக்கு வந்தது.

இங்கேதான் பயிற்சியாளர் மீது எனக்குப் பரிதாபம் வருகிறது. கருணாநிதியைத் தாக்க அவருக்கு ஆசை. ஆயுதம் காலடியிலேயே கிடந்தது, குனிந்து பார்க்கவில்லை. மத்திய அரசின் 2013 நிலச் சட்டம் சமூகத் தாக்க ஆய்வு வேண்டும் என்றது. தமிழ்நாடோ தன் 1997 சட்டத்தை அந்தக் கடிவாளத்திலிருந்து விலக்கி வைக்க 2014இல் திருத்தம் போட்டது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அதே ஆண்டே சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 1997இல் திமுக போட்ட சட்டத்தை 2014இலும் 2019இலும் அதிமுக காப்பாற்றியது. அனுபவம் மிகுந்தவர்கள் அந்த அனுபவத்தை விவசாயிக்கு எதிராகப் பயன்படுத்தியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆனால் இதைச் சொன்னால் நிலம் வாங்கிய கம்பெனிகளைப் பற்றியும் பேச வேண்டிவரும். ஆகவே வயதைப் பற்றியும் ஆண்டுக் கணக்கைப் பற்றியும் பேசுவதே அவருக்குப் பாதுகாப்பு.

இன்னொரு நிகழ்வையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரல் 21, தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா. நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க வழி செய்யும் அதைப் பேரவை குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. திமுகவின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கிளம்பின, மூன்றே நாளில் நிறுத்திவைப்பு, மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு. ஆளுங்கட்சி வரிசையில் பல முறை வென்ற மூத்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மசோதா அவர்களையும் தாண்டித்தான் போயிற்று. ஆகவே அனுபவம் இருந்தாலே போதும் என்று நான் வாதிடவில்லை. அன்று மசோதாவை ஆபத்து என்று எழுந்து சொல்லத் தொழிலாளர் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். அவை முழுக்க முதல் முறையாளர்களாகவே இருந்திருந்தால் அந்த வெளிநடப்பும் இருந்திருக்காது.

கருணாநிதியின் சட்டமன்ற வாழ்க்கையில் குறை சொல்ல ஏராளம் உண்டு. 2001க்குப் பிறகு எதிர்க்கட்சியில் இருந்த காலங்களில் அவர் அவைக்குள் அமர்ந்து விவாதித்தது அபூர்வம். உறுப்பினர் பதவியை வைத்துக்கொண்டு அவைக்குப் போகாமல் இருப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. 13 முறை வென்றார் என்று மேடைக்கு மேடை பாடுகிறவர்கள் இதை மட்டும் விழுங்கிவிடுகிறார்கள். குடும்ப அரசியலும் அப்படியே. மகன் முதல்வரானார், பேரன் 2021இல் சேப்பாக்கம்–திருவல்லிக்கேணியில் உறுப்பினரானார். டிங்கெல் குடும்பமும் சளைத்ததல்ல: 1933இலிருந்து அப்பா, பிறகு மகன், 2015க்குப் பிறகு மனைவி. ஆனால் இரண்டு முறை வரம்பு இதைத் தடுக்குமா? வேகப்படுத்தும். தனக்கு நாள் முடிந்தால் தலைவர் அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பார், தெருவில் போகிறவருக்கா? 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை வாரிசு வந்தாக வேண்டும் என்று சட்டமே கட்டளையிட்டால், எந்தக் குடும்பம் வருத்தப்படும்?

நீண்ட காலம் இருப்பது புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. இருந்த காலத்தில் அவை என்ன செய்தது என்பதே கேள்வி. அதைத் திருத்த வேண்டுமானால் கேட்க வேண்டியவை வேறு. மசோதாவை அறிமுகம் செய்த சூட்டில் நிறைவேற்றாதீர்கள்; குழுவுக்கு அனுப்புங்கள், தொழிலாளியையும் விவசாயியையும் கூப்பிட்டுக் கேளுங்கள். அவை கூடும் நாட்களை அதிகப்படுத்துங்கள். யார் வந்தார், யார் என்ன பேசினார், எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதை ஊர் பார்க்கும்படி வையுங்கள்; குரல் வாக்கெடுப்பின் இரைச்சலில் யாரும் ஒளிந்துகொள்ளக் கூடாது. இவற்றில் ஒன்றுகூட வெளியீட்டில் இல்லை. இவை வந்தால் உறுப்பினருக்கும் வேலை கூடும், கம்பெனிக்கும் கேள்வி கூடும்.

தண்டலத்துக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் எத்தனை முறை ஜெயித்தீர்கள் என்று கேட்க வேண்டாம். 12 மணி நேர மசோதாவில் உங்கள் நிலை என்ன, 1997 நிலச் சட்டத்துக்கு ஒரு திருத்தமாவது கொடுப்பீர்களா, 480 நாள் சட்டத்தை ஏய்க்கும் ஆலைகளைப் பற்றி அவையில் ஒரு கேள்வியாவது கேட்பீர்களா என்று கேளுங்கள். ஜெயித்துப் போனவர் இவற்றில் வாயே திறக்கவில்லை என்றால் ஐந்தாம் ஆண்டிலேயே வீட்டுக்கு அனுப்பலாம். பயிற்சியாளர் சொல்கிறபடி அவருக்கு இரண்டாவது முறை எதற்கு?